குப்பைத் தொட்டியிலிருந்து பின்னோக்கி: சாப்பாடும் குப்பையும் வீணாகாத வீட்டுப் பழக்கங்கள், படிப்படியாக

சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்வோம் என்று முடிவெடுத்ததும் நான் செய்த முதல் காரியம் கடைக்குப் போனதுதான். துணிப்பைகள் ஐந்து, கண்ணாடி ஜாடிகள் ஒரு டஜன், மூங்கில் பிரஷ். எல்லாவற்றையும் அடுக்கி முடித்துப் பார்த்தால், இடமில்லாமல் ஒதுக்கிய நல்ல பிளாஸ்டிக் டப்பாக்களே ஒரு மூட்டை சேர்ந்திருந்தன. குப்பையைக் குறைக்கக் கிளம்பி, முதல் நாளே ஒரு மூட்டைக் குப்பை!

டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரு சாதாரணப் பருத்திப் பை, கடையில் தரும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமென்றால், பருவநிலைத் தாக்கத்தை மட்டும் பார்த்தாலே 52 முறை அதைப் பயன்படுத்த வேண்டும். தண்ணீர், ஓசோன் என எல்லா அளவுகோலிலும் ஈடாக வேண்டுமென்றால் சுமார் 7,100 முறை. தெருவிலும் கடலிலும் போய்ச் சேரும் பிளாஸ்டிக் அந்தக் கணக்கில் வரவில்லை. அதனால் பிளாஸ்டிக் பைக்கே திரும்பிவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பை எதுவோ அதைக் கிழியும்வரை பயன்படுத்துங்கள், அவ்வளவுதான்.

அதனால் இந்த வழிகாட்டியில் முதல் சில வாரங்களுக்கு எதையும் வாங்கச் சொல்லப்போவதில்லை. குப்பைத் தொட்டியில் தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கி ஃபிரிட்ஜ், சமையல், கடை என்று போகலாம். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். சாப்பாடு வீணாவதைக் குறைக்காமல் கம்போஸ்ட் தொட்டி வைத்தால், சாப்பிட்டிருக்க வேண்டியதை உரமாக்கிக்கொண்டிருப்பீர்கள்.

படி 1: ஒரு வாரம் குப்பையைக் கவனியுங்கள்

இந்த வாரம் எந்தப் பழக்கத்தையும் மாற்றாதீர்கள். எப்போதும்போல வாங்குங்கள், சமையுங்கள், கொட்டுங்கள். குப்பையை மட்டும் மூன்றாகப் பிரித்துப் போடுங்கள்: ஈரமானது, காய்ந்தது, ஆபத்தானது (பேட்டரி, மருந்து போன்றவை). தினமும் இரவில் ஈரக் குப்பையை எடை போடுங்கள். தனித் தராசு வேண்டாம். குப்பை வாளியோடு ஒரு முறை, காலி வாளியோடு ஒரு முறை எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்று கழித்துப் பார்த்தால் தோராயமான கணக்கு கிடைத்துவிடும்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, சாப்பிடக்கூடியதாக இருந்து குப்பைக்குப் போன ஒவ்வொன்றையும் எழுதுங்கள். வெங்காயத் தோல், முட்டை ஓடு, எலும்பு கணக்கில் வேண்டாம். பக்கத்திலேயே காரணத்தையும் ஒரு சொல்லில் குறியுங்கள்: ‘அதிகம் சமைத்தோம்’, ‘மறந்துவிட்டோம்’, ‘அதிகம் வாங்கினோம்’, ‘தேதி தாண்டிவிட்டது’, ‘யாருக்கும் பிடிக்கவில்லை’. எழுத வெட்கமாக இருக்கும். எங்கள் வீட்டுத் தாளில் ‘மறந்துவிட்டோம்’ மட்டும் பதினொரு முறை வந்திருந்தது. அதிகம் சமைப்பதுதான் எங்கள் சிக்கல் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

உலகக் கணக்கும் வீட்டுப் பக்கம்தான் கைகாட்டுகிறது. ஐநா சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ல் கடைகள், உணவகங்கள், வீடுகள் மூன்றிலும் சேர்த்து 105 கோடி டன் உணவு வீணானது. அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளில். ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ, அதாவது நாளைக்கு ஏறக்குறைய 215 கிராம். தோலும் எலும்பும் இந்த எண்ணில் அடக்கம். உங்கள் வீட்டு எடையை ஆள் கணக்கில் வகுத்து இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீணான சாப்பாடு எப்படியும் மக்கி மண்ணாகத்தானே போகிறது என்று தோன்றலாம். குப்பை மேட்டின் அடியில் காற்று புகாது. காற்றில்லாமல் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு, இருபது ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. அந்த உணவை விளைவிக்கச் செலவான தண்ணீர், உரம், எரிபொருள் எல்லாம் இதற்கு மேல்.

படி 2: ஒரே ஒரு பழக்கத்தைப் பிடியுங்கள்

தாளில் எந்தக் காரணம் அதிகம் வந்ததோ அதற்கு மட்டும் முதலில் மருந்து தேடுங்கள். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்கியவர்கள் வியாழனுக்குள் கைவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதில் நானும் ஒருவன்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைப் பின்தொடர்ந்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழகிப்போக, சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. எனவே 21 நாளில் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு நாள் மறந்ததற்காக நொந்துகொள்ளவும் வேண்டாம்.

அந்த ஆய்வில் புதிய செயலை ஏற்கெனவே நடக்கும் ஒரு செயலோடு கோத்திருந்தார்கள். நாமும் அதையே செய்யலாம். ‘இனிமேல் ஃபிரிட்ஜை அடிக்கடி பார்க்க வேண்டும்’ என்பது நடக்காது. ‘காலையில் அடுப்பில் தண்ணீர் வைத்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து, இன்று எதை முடிக்க வேண்டும் என்று பார்ப்பேன்’ என்பது நடக்கும். தண்ணீர் எப்படியும் கொதிக்கத்தான் போகிறது.

படி 3: ஃபிரிட்ஜைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். ‘மறந்துவிட்டோம்’, ‘தேதி தாண்டிவிட்டது’ இரண்டும் பிறக்கும் இடம் இது.

முதலில் வெப்பநிலை. உள்ளே 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஃப்ரீசரில் மைனஸ் 18. குமிழில் இருக்கும் 1, 2, 3 என்ற எண்கள் வெப்பநிலையைக் குறிப்பவை அல்ல. ஒரு தம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

அடுத்து, கண் மட்டத்தில் இருக்கும் தட்டில் மூடியில்லாத ஒரு பெட்டியை வையுங்கள். பாதி நறுக்கிய வெங்காயம், நேற்றைய மிச்சம், நாளைக்குள் முடிக்க வேண்டிய தயிர் எல்லாம் அதற்குள். ‘முதலில் இது’ என்று எழுதி ஒட்டுங்கள். பசிக்கும்போது யாரானாலும் கை முதலில் அங்கே போக வேண்டும். இவ்வளவு எளிய ஏற்பாடு வேலை செய்யுமா என்று சந்தேகப்பட்டேன். எங்கள் வீட்டில் மற்ற எல்லா உத்திகளையும்விட இதுதான் அதிகம் பலன் தந்தது.

மிச்சச் சாப்பாட்டை ஆறட்டும் என்று இரவு முழுவதும் வெளியில் விடாதீர்கள். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். ஆழமான பாத்திரத்தில் நடுப்பகுதி குளிர வெகு நேரம் ஆகும் என்பதால் தட்டையான டப்பாக்களில் பிரித்து வையுங்கள். மூடியில் டேப் ஒட்டி, சமைத்த தேதியை எழுதுங்கள். மூன்று, நான்கு நாள் கெடு. முகர்ந்து பார்த்து முடிவு செய்யலாம் என்று பலர் நினைப்பதுண்டு. நோய் தரும் கிருமிகள் பலவற்றுக்கு வாடையே கிடையாது. சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். அதில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. அறை வெப்பத்தில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வீணாக்கக் கூடாது என்ற பிடிவாதத்தில் இப்படிப்பட்ட சோற்றைச் சாப்பிடுவது புத்திசாலித்தனமாகாது.

காய், பழங்களுக்கு வேறு கணக்கு. ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி போன்றவை பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. அது பக்கத்திலிருக்கும் கீரையை மஞ்சளாக்கும், கேரட்டைக் கசக்க வைக்கும். அதனால் பழம் ஒரு கூடை, கீரை வேறு தட்டு. காயைச் சீக்கிரம் பழுக்கவைக்க வேண்டுமானால் இதையே சாதகமாக்கி, ஒரு காகிதப் பைக்குள் ஆப்பிளோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

கீரையைக் கெடுப்பது பெரும்பாலும் மேலே படிந்த ஈரம். கழுவாமல், உலர்ந்த துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். துவண்டுபோன கேரட்டையும் கீரையையும் தூக்கிப் போட வேண்டாம். நீர் வற்றியதால்தான் துவண்டன; குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் போட்டால் நிமிர்ந்துவிடும்.

உருளைக்கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். பொரிக்கும்போது சீக்கிரம் கருகும், அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் அதிகமாகும். இருட்டான, காற்றோட்டமான இடம்தான் அதற்குச் சரி. வெளிச்சம் பட்டுப் பச்சையானால் சோலனைன் என்ற நஞ்சு கூடியிருக்கிறது என்று பொருள். லேசான பச்சையை ஆழமாகச் சீவிவிடலாம். முழுக்கப் பச்சையென்றால் கம்போஸ்டுக்கு. வெங்காயத்தை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள், இரண்டும் சீக்கிரம் கெடும்.

ரொட்டிக்கு ஃபிரிட்ஜ் எதிரி. அந்தக் குளிரில்தான் அது மிக வேகமாக விறைத்துப்போகும். இரண்டு நாளில் தீராது என்றால் துண்டு போட்டு நேராக ஃப்ரீசருக்கு. பூஞ்சை பிடித்த ரொட்டி என்றால் முழுவதும் போக வேண்டியதுதான்; மிருதுவான உணவில் பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். கேரட், கட்டியான சீஸ் போன்றவற்றில் பூஞ்சையைச் சுற்றி இரண்டரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம்.

அப்புறம் பாக்கெட்டில் அச்சிட்ட தேதிகள். ‘இதற்கு முன் சிறந்தது’ என்ற பொருளில் போடும் தேதி தரத்தைப் பற்றியது. அது தாண்டிய பிஸ்கட் கொஞ்சம் நமுத்திருக்கலாம், விஷமாகிவிடாது. ‘இதற்குள் பயன்படுத்துக’ என்பது பாதுகாப்பைப் பற்றியது. இறைச்சி, மீன் போன்றவற்றில் இதை மீறாதீர்கள். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து நல்ல உணவைக் கொட்டும் வீடுகள் எத்தனையோ.

ஃப்ரீசரில் பெயரும் தேதியும் இல்லாமல் எதுவும் உள்ளே போகக் கூடாது. உறைந்த பிறகு சூப்பும் சாஸும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று வைத்தவை அங்கே வருடக்கணக்கில் தூங்கும்.

படி 4: கடையும் அடுப்பும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் ஃபிரிட்ஜ் ஒழுங்கானால் பாதி தானாக நடக்கும். கடைக்குக் கிளம்பும்முன் ஃபிரிட்ஜையும் அலமாரியையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் போட மறந்தாலும் படம் கையில் இருக்கும். ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதைச் சீக்கிரம் கெடும் பொருள்களில் தொடாதீர்கள். மூன்றாவது குப்பைக்குத்தான் இலவசம். வாரத்தில் ஒரு வேளையை ‘இருப்பதைத் தீர்க்கும் வேளை’ என்று ஒதுக்குங்கள், அடுத்த சாமான் வாங்குவதற்கு முந்தின நாளாக. சூப், ஆம்லெட், கலந்த சாதம் இவற்றுக்குள் எந்த மிச்சக் காயும் அடங்கிவிடும். அளவு தவறுகிறது என்றால், ஒரு டம்ளரையோ கிண்ணத்தையோ நிரந்தர அளவையாக வைத்து, யாருக்கு எத்தனை என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். கண்மதிப்பு எப்போதும் தாராளமாகவே இருக்கும்.

உணவு எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். 2018-ல் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி, மனிதர் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களில் ஏறக்குறைய 26 சதவீதம் உணவுக்காக. அந்த உணவுப் பங்கில் போக்குவரத்து சுமார் 6 சதவீதம், பேக்கிங் சுமார் 5 சதவீதம். பெரும்பங்கு விளைவிக்கும் இடத்திலேயே வெளியாகிவிடுகிறது; மாட்டிறைச்சியின் பங்கு எல்லாவற்றிலும் கூடுதல். எனவே என்ன சாப்பிடுகிறோம், அதில் எவ்வளவைக் கொட்டுகிறோம் என்ற இரண்டு கேள்விகளும் பேக்கிங்கைவிடப் பெரியவை.

படி 5: பிரித்துப் போடுங்கள்

தொட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். காய் நறுக்கும் இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் ஈரக் குப்பைக்கு மூடியுள்ள சின்ன டப்பா ஒன்று போதும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், அடியில் பழைய செய்தித்தாளை மடித்துப் போடுங்கள். டப்பா சின்னதாக இருந்தால் தினமும் காலிசெய்தே ஆக வேண்டும், நாற்றம் வர நேரமிருக்காது.

உலர் குப்பையில் ஒரே விதி: சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே டப்பாவை ஒரு அலசு அலசிக் கவிழ்த்தால் போதும், பளபளக்கத் தேவையில்லை. பாதி சாஸ் இருக்கும் புட்டி ஒன்று அதே பையிலுள்ள காகிதம் முழுவதையும் கெடுத்துவிடும்.

பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையான எண், 1988-ல் வந்தது. அது பிளாஸ்டிக்கின் வகையை மட்டும் சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. உங்கள் பகுதியில் எந்த வகையை எடுக்கிறார்கள் என்று சேகரிப்பவரிடமே கேட்டு, அந்தப் பட்டியலைத் தொட்டியின் மூடியில் ஒட்டுங்கள். ‘எப்படியாவது ஆகிவிடும்’ என்ற நம்பிக்கையில் எல்லாவற்றையும் உள்ளே தள்ளினால், பிரிப்பவருக்கு வேலை கூடும், நல்ல பொருளும் நிராகரிக்கப்படும். எண்ணெய் ஊறிய காகிதம், பளபளப்பான தின்பண்ட உறைகள், பில் அச்சிடும் வழவழப்பான தாள் மூன்றையும் காகிதக் கட்டில் சேர்க்காதீர்கள். அலுமினியத்தை மட்டும் ஒன்றுகூட விடாமல் சேருங்கள். புதிதாக எடுப்பதைவிட, மறுசுழற்சியில் சுமார் 95 சதவீத ஆற்றல் மிச்சம்.

ஆபத்தான குப்பைக்குக் குழந்தைகள் கைக்கு எட்டாத ஒரு டப்பா. லித்தியம் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டிப் போடுங்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். சுருள் வடிவ பழைய விளக்குகளில் பாதரசம் இருக்கிறது. காலாவதியான மருந்தைக் கழிவறையில் கொட்டாதீர்கள். உடைந்த கண்ணாடியைத் தடித்த காகிதத்தில் சுற்றி மேலே எழுதுங்கள், நாப்கின், டயபரையும் தனியாகச் சுற்றுங்கள். அதை எடுப்பது இன்னொருவரின் வெறுங்கையாக இருக்கலாம்.

பொரித்த எண்ணெய் சிங்க் வழியே போகக் கூடாது. 2017-ல் லண்டனின் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் எண்ணெயும் ஈரத் துடைப்புத் தாள்களும் இறுகி, 250 மீட்டர் நீளத்துக்கு, சுமார் 130 டன் எடையில் பாறைபோல அடைத்துக்கொண்டன. ஆறிய எண்ணெயைப் புட்டியில் சேர்த்து, எடுப்பவர் இருந்தால் கொடுங்கள். சட்டியில் ஒட்டியதைக் கழுவும்முன் காகிதத்தால் துடைத்துவிடுங்கள்.

படி 6: கம்போஸ்ட்

என் முதல் தொட்டி பத்தாவது நாள் நாறியது. பக்கத்து வீட்டிலிருந்து, “உங்கள் பக்கம் ஏதாவது செத்துக் கிடக்கிறதா, பாருங்கள்” என்று தன்மையாகக் கேட்டார்கள். காய்கறிக் கழிவை மட்டும் போட்டு மூடிவைத்திருந்தேன். கம்போஸ்ட் என்றால் அழுகவிடுவது என்று நினைத்ததுதான் தப்பு. காற்றை உள்ளே விட்டு, நுண்ணுயிர்களை மூச்சுவிட வைப்பதுதான் அதன் வேலையே.

அந்த நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு வேண்டும். காய்கறிக் கழிவில் நைட்ரஜன் அதிகம். சருகு, அட்டை, மரத்தூளில் கார்பன் அதிகம். எடை போட்டுக் கணக்கிட வேண்டாம்: ஒரு கிண்ணம் ஈரக் கழிவுக்கு இரண்டு கிண்ணம் உலர்ந்த பொருள். இந்த ஒரு வரியை அன்றே யாராவது சொல்லியிருந்தால் பக்கத்து வீட்டாரிடம் தலைகுனிந்திருக்க மாட்டேன்.

செய்முறை:

1. இருபது லிட்டருக்குக் குறையாத பழைய வாளி இரண்டு எடுங்கள். பக்கவாட்டிலும் அடியிலும் பென்சில் பருமனில் துளைகள் போடுங்கள். அடியில் ஒரு தட்டு.

2. அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சுள்ளியும் கிழித்த அட்டையும். அதன்மேல் ஒரு பிடி தோட்ட மண் அல்லது பழைய கம்போஸ்ட். நுண்ணுயிர்கள் அதிலேயே இருக்கின்றன, தனியாக எந்தப் பொடியும் தேவையில்லை.

3. ஈரக் கழிவைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, உடனே உலர்ந்த பொருளால் மூடுங்கள். கழிவு கண்ணுக்குத் தெரியவே கூடாது. ஈ வராமல் தடுப்பது இந்த மூடல்தான்.

4. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள்.

5. ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். பிழிந்த ஸ்பாஞ்ச் போல ஈரமாக இருந்து, ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் அட்டை சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

6. வாளி நிறைந்ததும் அதை ஒதுக்கிவைத்து இரண்டாவதில் தொடங்குங்கள். புதுக் கழிவைச் சேர்த்துக்கொண்டே இருந்தால் ஒருநாளும் முடியாது.

இறைச்சி, மீன், பால் பொருள்கள், எண்ணெய் நிறைந்த சாப்பாடு, செல்லப்பிராணிக் கழிவு இவற்றைச் சின்ன வாளியில் போடாதீர்கள். ஒரு கன மீட்டர் அளவுக் குவியல்தான் 55 டிகிரிக்கு மேல் சூடாகிக் கிருமிகளையும் களை விதைகளையும் கொல்லும். வாளி அவ்வளவு சூடாகாது. ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று எழுதிய கரண்டிகளையும் நம்பாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை தொழிற்சாலைக் கம்போஸ்டின் வெப்பத்தில்தான் மக்கும். நான் ஒன்றைப் போட்டு ஓராண்டு கழித்து எடுத்தேன். கழுவினால் மறுபடி சாப்பிடலாம்போல இருந்தது.

கோளாறுகளை மூக்கே சொல்லிவிடும். அழுகிய முட்டை வாடை என்றால் காற்று போதவில்லை: கிளறி, அட்டை சேருங்கள். மூக்கில் ஏறும் அம்மோனியா நெடி என்றால் ஈரக் கழிவு அதிகம்: சருகு சேருங்கள். எறும்பு மொய்த்தால் காய்ந்துவிட்டது. எதுவுமே நடக்காமல் கிடந்தால் அதுவும் பெரும்பாலும் ஈரமின்மைதான். கொழுத்த புழுக்கள் நெளிவதைப் பார்த்து அலற வேண்டாம். அவை கருப்புப் படைவீரன் ஈ என்ற பூச்சியின் புழுக்களாக இருக்கலாம். கழிவை வேகமாகத் தின்றுவிட்டு அவையே வெளியேறும். பிடிக்காவிட்டால் உலர்ந்த பொருளைக் கூட்டுங்கள்.

மூன்று முதல் ஆறு மாதத்தில் கருத்து, உதிரியாகி, மழை பெய்த மண் வாசனை வரும். சந்தேகமிருந்தால் ஒரு பிடியை ஈரமாக்கி, பைக்குள் காற்றுப் போகாமல் கட்டி ஒரு வாரம் வையுங்கள். திறந்ததும் நாறினால் இன்னும் ஆகவில்லை. தயாரானதைத் தொட்டி மண்ணில் கால் பங்கு கலக்கலாம். அதிலேயே நேரடியாகச் செடி நட வேண்டாம்.

இதற்கும் இடமில்லாதவர்களுக்கு மண்புழுப் பெட்டி உண்டு. தோட்டத்தில் தோண்டி எடுக்கும் புழு அதற்கு ஆகாது, ஐசீனியா ஃபெடிடா என்ற செம்புழு வேண்டும். 15 முதல் 25 டிகிரிவரை அதற்கு உகந்தது. வெயிலில் வைத்தால் செத்துவிடும். ஜப்பானில் உருவான போகாஷி முறையில் காற்றுப் புகாத வாளியில் கழிவைப் புளிக்கவைக்கிறார்கள். அதில் கொஞ்சம் இறைச்சியும் போடலாம். இரண்டு வாரம் கழித்து அதை மண்ணில் புதைக்க வேண்டும் என்பதை மட்டும் விற்பவர்கள் மெல்லிய குரலில் சொல்வார்கள்.

படி 7: கழுவும் பொருள்கள்

வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் நுரைத்து எல்லா அழுக்கும் போகும் என்று சொல்கிறார்கள். ஒன்று அமிலம், மற்றது காரம். கலந்தால் இரண்டும் தீர்ந்து பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான் மிஞ்சும். தனித்தனியே பயன்படுத்துங்கள்: கெட்டிலில் படிந்த வெள்ளைக் கறைக்கு வினிகர், தேய்க்க வேண்டிய இடத்துக்குச் சோடா. பிளீச்சோடு வினிகரையோ அம்மோனியா உள்ள திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். கிழிந்த பனியனும் பழைய துண்டும் இருக்கும்வரை துடைப்புத் தாள் வாங்க வேண்டியதில்லை.

படி 8: வீட்டில் மற்றவர்கள்

ஆர்வம் ஒருவருக்கு, வேலை எல்லோருக்கும் என்றால் இரண்டு வாரத்தில் சண்டை வரும். தவறான தொட்டியில் விழுந்ததைக் கையில் எடுத்துக் காட்டிப் பாடம் நடத்தாதீர்கள், பேசாமல் மாற்றிப் போட்டுவிடுங்கள். ஒரே தவறு திரும்பத் திரும்ப நடந்தால், பெரும்பாலும் தொட்டி இருக்கும் இடம்தான் தவறு. குழந்தைகளுக்கு எடை குறிக்கும் வேலையைக் கொடுங்கள். எண்ணைக் குறைக்க அவர்களே துடிப்பார்கள். எங்கள் வீட்டில் அது எல்லை மீறி, தட்டில் மீந்ததை எனக்குத் தெரியாமல் நாய்க்குப் போட்டுவிட்டு எடை குறைந்ததாக எழுதிய நாளும் உண்டு.

மூன்று மாதம் கழித்து

முதல் படியை அப்படியே மறுபடி செய்யுங்கள்: அதே தாள், அதே வாளி, ஒரு வாரம். பழைய தாளைப் பக்கத்தில் வைத்து, இப்போது எந்தக் காரணம் முதலிடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த பழக்கத்தை அதிலிருந்து எடுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டாவது முறை ஈரக் குப்பை ஏறக்குறைய பாதியாகியிருந்தது. உலர் குப்பை துளியும் குறையவில்லை. கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் பார்சலில் வந்த அட்டைப் பெட்டிகள். அதே வாரத்தில்தான் கம்போஸ்ட் வாளிக்குச் சருகு கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தேன். இப்போது பெட்டி வந்ததும் டேப்பை உரித்து, தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கிழித்து வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறோம். ஈரமான அட்டை கையாலேயே கிழியும், கத்தரிக்கோல் தேட வேண்டாம்.